அத்தானின் கார் என் ஒழுங்கையில் நின்றது

நேற்று மத்தியானம் எங்கள் வீட்டு மின்விசிறி புகைந்துவிட்டது. மகன் ஓடிவந்து சுவிட்சை அணைத்தான். மருமகள் யன்னல்களைத் திறந்துவிட்டாள். நான் மட்டும் சாய்மனைக் கதிரையில் இருந்தபடி அந்தக் கருகல் மணத்தை இழுத்து இழுத்து மணந்துகொண்டிருந்தேன். "மாமாவுக்கு உந்த மணமும் பிடிக்குது போல" என்று மருமகள் சொன்னது காதில் விழுந்தது. பிடிக்கும்தான். வயர் கருகும் மணத்தில் பத்து வருடம் சோறு தின்றவன் நான். ஆனால் அந்த மணம் வந்தால் எனக்கு முதலில் நினைவு வருவது வேலை அல்ல, பொறாமை. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருடம் முந்தி, யாழ்ப்பாணப் பட்டணத்தில் ஒரு கராச்சில் மின்சார வேலை பார்த்தேன். பற்றறி, விளக்கு, ஹோர்ன், எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் வயர்கள், இவைதான் என் பாடு. பகல் முழுவதும் ஊர்ப் பெரியவர்களின் கார்களுக்குக் கீழே கிடந்துவிட்டு, பொழுது படக் கொழும்புத்துறை வீட்டுக்குச் சைக்கிள் மிதிப்பேன். அந்தச் சைக்கிளுக்கு மணியும் கிடையாது.

தாய் தகப்பன் போன பிறகு எனக்கு மிஞ்சியது அக்கா ஒருத்திதான். மருதனார்மடத்தில் கட்டிக்கொடுத்திருந்தாலும் மாதத்தில் இரண்டு ஞாயிறு மாட்டுவண்டியில் வந்து, எனக்குச் சமைத்து வைத்து, கிழிந்த சட்டையைத் தைத்து, அரைநாள் ஏசிவிட்டுப் போவாள். அத்தானுக்குத் தெற்கே காலிப் பட்டணத்தில் சுருட்டுக்கடை. கடை நன்றாக ஓடியது, ஆள் வைத்துவிட்டு அடிக்கடி ஊருக்கு வருவார். ஒருமுறை ஊருக்கு வந்தபோது, சீமைக்குத் திரும்பிய தோட்டத்துத் துரை ஒருவரிடம் வாங்கிய பச்சைக் காரோடு வந்து இறங்கினார். அக்கா சொல்லியனுப்பினாள். பார்க்கப் போனேன்.

புளி போட்டு விளக்கின குத்துவிளக்கு மாதிரி நின்றது கார். அத்தானுக்கு அதை ஓட்டவும் ஹோர்ன் அடிக்கவும் தவிர ஒன்றும் தெரியாது. எஞ்சினை மூடும் பொனற்றைத் திறக்கவே என்னைத்தான் கேட்டார். காரின் நாடி நரம்பு தெரிந்தவன் மணியில்லாத சைக்கிளில், பற்றறிக்குத் தண்ணீர் விடவேண்டும் என்பதே தெரியாத மனுசன் காரில். போதாததற்கு அக்கா முன் ஆசனத்தில் ஏறி இருந்து காட்டினாள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. "நல்ல கார்தான்" என்றேன். அந்த இரண்டு சொல்லும் வெளியே வர எவ்வளவு நேரம் எடுத்ததோ தெரியாது, அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் அவளுக்குப் பெரிய கொழுக்கட்டை அகப்பட்டால் எனக்குக் காய்ச்சல் வரும். அவளுக்குத் தெரியாத முகமா இது.

ஒரு மாதம் கழித்து எங்கள் வீட்டுக்குக் காரிலேயே வந்தார்கள். தார் றோட்டிலிருந்து எங்கள் வாசல் படலைக்கு ஒரு ஒழுங்கை. முருகைக்கல் துருத்திக்கொண்டு, மாரி வெள்ளம் அறுத்த பள்ளங்களோடு கிடக்கும். பாதித் தூரம் வந்ததும் கார் நின்றுவிட்டது. லேசான ரப்பர் கருகல் மணம். நான் பதறி ஓடினேன், அது உண்மை. உள்ளுக்குள் ஒருவன் சர்க்கரைப்புக்கை தின்றுகொண்டிருந்தான், அதுவும் உண்மை. நான் கை வைக்க முதலே அயலில் உள்ளவர்கள் காரைப் பின்னுக்கு றோட்டுக்குத் தள்ளினார்கள். அங்கே போனதும் ஸ்ராட் ஆனது. அடுத்த முறை வந்தபோதும் அதே இடம். மூன்றாம் முறையும் அப்படியே. பட்டணம், சுன்னாகம் எங்கும் ஒழுங்காக ஓடும் கார் என் வீட்டு ஒழுங்கையில் மட்டும் படுத்துக்கொண்டது.

பக்கத்து வீட்டு மாமி தன் படலையில் நின்று அக்காவுக்குக் கேட்கவே சொன்னாள். "கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது பிள்ளை. உன்ரை தம்பி பாக்கிற பார்வையிலை பச்சைமரமும் பத்தும்."

அதோடு அக்கா வருவதை நிறுத்திவிட்டாள். மாட்டுவண்டியிலும் வரவில்லை. அத்தான் காரை எங்கள் கராச்சுக்கே கொண்டுவந்தார், ஆனால் என்னைத் தொட விடவேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டார். மற்றவர்கள் இரண்டு நாள் கழன்ற வயரைத் தேடினார்கள். ஒன்றும் கழன்றிருக்கவில்லை. தார் றோட்டில் ஓட்டிப் பார்த்தார்கள், பிழையில்லை. நான் ஒரு மூலையில் ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொன்னால், எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்தப் பச்சைக் கார் உள்ளே வந்தால் என் பாட்டில் முதுகைத் திருப்பிக்கொள்வேன். மின்சாரம் படித்தவன் செய்கிற வேலையா அது. ஆனால் அக்காவை இழந்துவிடுவேனோ என்ற பயத்தில் மனுசன் எதையும் நம்புவான்.

அப்பாவின் திவசம் வந்தது. அதற்கு அவள் வராமல் இருக்க முடியாது. ஐயரும் வந்துவிட்டார். ஒழுங்கையில் கார்ச் சத்தம் கேட்டது, பிறகு கேட்கவில்லை. ஓடினேன். அக்கா மடியில் பலகாரப் பெட்டியுடன் முன் ஆசனத்தில் இருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"திருப்பித் தள்ளுங்கோ, நான் போறன். இஞ்சை வரவேண்டாமெண்டுதானே காட்டுது" என்றாள் அத்தானிடம்.

அத்தானுக்குச் சட்டையெல்லாம் வேர்வை. "தம்பி, ஆர் என்ன சொன்னாலும் சொல்லட்டும். நீ ஒருக்கால் பார்."

"நிக்கேக்கை இந்தக் கறண்ட் மீட்டர் ஊசி எந்தப் பக்கம் ஓடினது, அத்தான்?"

"ஊசியை ஆர் பாத்தது? நான் பள்ளத்தைப் பாக்கிறதோ ஊசியைப் பாக்கிறதோ?"

"ஒரேயடியாய் ஓரத்துக்குப் போய் அடிச்சது" என்றாள் அக்கா, வேலியைப் பார்த்தபடி.

எனக்கு அது போதும். வயர் கழன்றால் ஊசி செத்துக் கிடக்கும். ஓரத்துக்குப் பாய்ந்தால், மின்சாரம் குறுக்கு வழியால் காரின் இரும்புக்குள் இறங்குகிறது என்று அர்த்தம். கராச்சில் எல்லாரும் கழன்றதைத் தேடினார்கள். தேடவேண்டியது தொடக்கூடாததைத் தொடுகிற ஒன்றை, அதுவும் குலுங்கும்போது மட்டும் தொடுவதை.

அத்தானை வெளியே நின்று காரை ஆட்டச் சொன்னேன். நான் அக்காவின் காலடியில் மல்லாந்து படுத்து, மீட்டர்ப் பலகைக்குக் கீழே டோர்ச் அடித்தேன். ஆட்ட ஆட்ட ஏதோ மினுங்கியது. ஒரு செப்புத் தகடு. கண்ணூறு, கண்ணடி படாமல் எழுதிக் கட்டுவார்களே, அது. கைக்கு எட்டிய ஒரு வயரில், அதுவும் எஞ்சினுக்குப் பொறி போகிற வயரில், கொடியில் சீலை கட்டுவதுபோல, செப்புக் கம்பியால் கட்டியிருந்தது. கம்பி உரசி உரசி வயரின் உறை தேய்ந்து உள்ளே செம்பு தெரிந்தது. பள்ளத்தில் கார் குலுங்கும்போது தகடு ஆடிப் போய் இரும்பில் பட்டது. காவலுக்குக் கட்டினதுதான் காரை நிறுத்தியிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே தகட்டைத் திருப்பினேன். என் பெயர் கீறியிருந்தது. அதற்குக் கீழே, பூராடம்.

என் நட்சத்திரம் அக்காவைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. என் சாதகம் அவளுடைய பெட்டகத்துக்குள் இருந்தது.

என் முகத்திலிருந்து ஒரு சாண் தள்ளி அவளுடைய பாதங்கள். அவை மெதுவாகப் பின்னுக்குப் போயின.

"என்ன தம்பி, ஆம்பிட்டுதோ?" என்றார் அத்தான்.

"ஓம் அத்தான். எலி கடிச்சிருக்கு."

பிடுங்கி எறியத்தான் கை போனது. அவ்வளவு கோபம். எறிந்தால் அவள் இன்னொன்று எழுதுவிப்பாள், அதை எந்த வயரில் கட்டித் துலைப்பாளோ. அதைவிட, தகட்டில் இருப்பது பொய் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. வயருக்கு நாடா சுற்றினேன். தகட்டுக்கும் நாலு சுற்றுச் சுற்றி, வயர்களுக்கு எட்டாத மரச்சட்டம் ஒன்றில் இறுக்கிக் கட்டினேன். கார் படலை வரை வந்தது. அக்கா இறங்கினாள். அன்று எனக்குச் சோறு போடும்போது "காணுமோ?" என்று இரண்டு தரம் கேட்டாள்.

பிறகு ஞாயிறுகளில் பழையபடி வந்தாள், ஏசினாள். நான் பழையபடி எரிந்தேன். அத்தான் அந்தக் காரை வளைக்கத் தெரியாமல் வளைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் என் பல் நறுநறுக்கும். அப்படியே சில வருடம் போயிற்று. சண்டைக் காலத்தில் பெற்றோலுக்குக் கூப்பன் வந்தது, ரயருக்கு வழியில்லை, அத்தான் காரை விற்க முடிவு செய்தார். வாங்குகிறவர் வரும் அன்று காலை அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

"தம்பி, உள்ளுக்கை ஒண்டு கிடக்கு. அத்தானுக்குத் தெரியாது. கழட்டித் தா."

கழற்றி அவள் கையில் வைத்தேன். நாடா சுற்றிய பொட்டலத்தை உருட்டி உருட்டிப் பார்த்தாள்.

"நீ அண்டைக்கே வாசிச்சனி, என்ன?"

"ஓம்."

"பிறகேன்ரா திருப்பிக் கட்டினனி?"

"எனக்கு அப்பவும் பொறாமை இருந்தது, அக்கா."

"எனக்குத் தெரியும்" என்றாள். "அதுதானே கட்டினனான்."

இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்தோம். அத்தான் எட்டிப் பார்த்துவிட்டு, கார் போகிற கவலையில் எங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

அத்தான் போய், அக்காவும் போய் எவ்வளவோ காலம். அவர்கள் பிள்ளைகள் கடல் கடந்துவிட்டார்கள், மருதனார்மடத்து வீட்டில் பூட்டுத் தொங்குகிறது. எங்கள் ஒழுங்கைக்கும் தார் போட்டாயிற்று. போன மாதம் பேரன் புது மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்தி, "எப்பிடி அப்பப்பா?" என்றான். "நல்லாயிருக்கு" என்றேன், உடனேயே, உள்ளே எரிவதைக் காட்டாமல். அயலில் உள்ளவர்களும் புதிதாக எதை வாங்கினாலும் என்னிடம்தான் முதலில் கொண்டுவந்து காட்டுகிறார்கள். நல்ல மனம் உள்ள கிழவனாம், கைராசியாம். இல்லையென்று சொல்ல, என்னைத் தெரிந்தவள் ஒருத்தி இருந்தாள்.