ஒரு கணுக்கால் பாஸ் ஆகுமா?

மூன்று வாரத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை. வேலம்பாளையம் ஸ்டாப்பில் டவுன் பஸ் நிற்பதற்குள் இறங்கினேன். என்ன அவசரம் என்று கேட்காதீர்கள். திருப்பூரில் பஸ் முழுதாக நின்ற பிறகு இறங்குகிற ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை. வலது கால் ஒரு குழியில் மடங்கியது. ‘டக்’ என்று ஒரு சத்தம் வேறு.

நொண்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். என் மனைவி டாக்டரைத் தேடவில்லை. அடுத்த தெரு சரஸ்வதியம்மாவைத் தேடினார். அவர் இரட்டைப் பிள்ளை பெற்றவர். எங்கள் பக்கம் சுளுக்கு என்றால் இரட்டைப் பிள்ளை பெற்றவர் கையால் எண்ணெய் தொட்டு வழித்துவிட வேண்டும். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. ஊர் உலகத்தையெல்லாம் கேள்வி கேட்டு எழுதுகிற நானும் அன்றைக்குக் கேட்கவில்லை. அவர் வழித்தார். நான் கத்தினேன். விடிந்து பார்த்தால் கணுக்கால் பன் மாதிரி வீங்கிக் கிடந்தது.

அப்புறம்தான் பிசியோதெரபிஸ்ட் ஸ்டெல்லாவிடம் போனேன். திருநெல்வேலிக்காரர், முப்பது வயதிருக்கும். என் காலைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, “யாரு வழிச்சது?”

நான் தலையைக் குனிந்தேன். பக்கத்து பெஞ்சில் பேன்டேஜ் சுற்றிய காலோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணும் தலையைக் குனிந்தாள். இரண்டு கேஸும் ஒன்றுதான் போலிருக்கிறது.

“உள்ள ஜவ்வு கிழிஞ்சிருக்கு. அதைப் போட்டு அமுக்கித் தேய்ச்சா வீங்காம என்ன செய்யும்?” என்றார் ஸ்டெல்லா. பிறகு குனிந்து என் இடது காலைப் பிடித்தார்.

“டாக்டர், அது நல்ல காலுங்க.”

“தெரியும் சார். உங்க கணுக்கால் எவ்வளவு ஆடும், எவ்வளவு ஆடாதுன்னு இந்தக் கால்தானே எனக்குச் சொல்லணும்?”

அட, என்று தோன்றியது. நான் என் நல்ல காலை அதுவரை ஒரு சாட்சியாக நினைத்ததே இல்லை.

அடுத்து அடிபட்ட கால். வெளிப்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பின் பின் ஓரத்தை ஒரே விரலால் அமுக்கினார். வலிக்கா? இல்லை. உள்பக்க எலும்பு? இல்லை. பாதத்தின் ஓரத்தில் ஒரு சின்ன மேடு? இல்லை. எலும்புக்கு முன்னால், சதைப் பக்கம் தொட்டதும் துள்ளினேன். “நாலு எட்டு நடங்க.” நடந்தேன், ஒருவிதமாக. “எக்ஸ்ரே வேண்டாம்” என்றார்.

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். எலும்பு முறிவு என்றால் வீட்டில் ஒரு மரியாதை இருந்திருக்கும்...

ஐஸ், பேன்டேஜ், காலைத் தூக்கி வைத்து ஓய்வு. என் கதை முடிந்தது. ஆனால் நான் எழுந்து போகவில்லை. அந்தப் பெண்ணின் கால் என்ன சொல்லும் என்று பார்க்க ஆசை.

பெயர் ரேவதி. ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவு. கபடியில் ரெய்டர், எதிரணிக்குள் பாடிப் போகிறவள். கூடவே வந்திருந்தவர் பழனிசாமி மாஸ்டர். நெருப்பெரிச்சல் பக்கம் நாலு நிட்டிங் மெஷின் ஓட்டுகிறார், சாயங்காலம் பெண்களுக்குக் கபடி சொல்லித் தருகிறார். ஐந்து மாதத்தில் ரேவதியின் வலது கணுக்கால் மூன்றாவது முறை மடங்கியிருக்கிறது. மூன்று வாரத்தில் மாவட்ட ஜூனியர் அணிக்குத் தேர்வு. வயதுக் கணக்குப்படி அவளுக்கு இதுதான் கடைசி வருஷம். சர்டிபிகேட் கிடைத்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜில் சேரலாம் என்று இரண்டு வருஷமாகக் காத்திருக்கிறாள்.

“ஒவ்வொரு தடவையும் வலி போனப்புறந்தானுங்க கிரவுண்டுல இறங்கறேன்” என்றாள். “ஏனுங்க திரும்பத் திரும்ப மடங்குது?”

ஸ்டெல்லா அவளை ஒற்றைக் காலில் நின்று கண்ணை மூடச் சொன்னார். இடது காலில் நின்றாள். மாஸ்டர் முப்பது வரை எண்ணினார். வலது காலில்... மூன்று எண்ணுவதற்குள் சுவரைப் பிடித்துவிட்டாள்.

“ஜவ்வு ஓரளவு ஆறிடுச்சி. ஆனா தான் எப்படி நிக்கோம்ங்கிறது இந்தக் காலுக்கு மறந்துபோச்சி” என்றார் ஸ்டெல்லா. “பகல் பூரா எப்படி நிப்பீங்க? நின்னு காட்டுங்க.”

ரேவதி மேஜை முன் போய் நின்றாள். இல்லாத பனியனை எடுத்தாள். கழுத்து, தோள், கை, ஓரம்... திருப்பினாள், விரல் ஓட்டினாள், ஒதுக்கினாள். அடுத்தது. நாலாவது பீஸ் வரும்போது அவளே அறியாமல் வலது கால் மேலே ஏறி மேஜையின் குறுக்குக் கட்டையில் உட்கார்ந்துகொண்டது.

“அப்படியே இருங்க” என்றார் ஸ்டெல்லா.

எல்லோரும் அந்தக் காலைப் பார்த்தோம். அடிபட்ட நாளிலிருந்து அது வேலை நேரம் முழுக்கக் கட்டையில்தான் இருந்திருக்கிறது. ஐந்து மாதமாக லீவில் இருந்த காலை, சாயங்காலம் ஆனதும் கபடிக்குக் கூப்பிட்டால் அது என்ன செய்யும்?

யோசித்துப் பாருங்கள். எந்த நாட்டுக்காரனுக்கு மார்பளவு எத்தனை என்று இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த மார்பளவைச் சரிபார்க்கிற பெண் எந்தக் காலில் நிற்கிறாள் என்று யாராவது பார்த்திருப்போமா? நானும் எத்தனையோ கம்பெனிக்குள் போய் வந்திருக்கிறேன். பார்த்ததில்லை.

சிகிச்சை? முதலில் ஒரு வாரம் ஓட்டம் கிடையாது. அப்புறம், செக்கிங் டேபிளில் பத்து பீஸ் வலது காலில் நின்று பார்க்க வேண்டும், பத்து பீஸ் இடது காலில். பாதத்தில் ரப்பர் பட்டை மாட்டி வெளிப்பக்கம் இழுக்க வேண்டும். அந்தப் பட்டைக்கு வெளியூருக்கு எழுதிப்போட வேண்டும் என்றார் ஸ்டெல்லா. மாஸ்டர் சிரித்துவிட்டு, மறுநாளே தெரிந்த கம்பெனியில் வீணாய்க் கிடந்த ஜட்டி எலாஸ்டிக்கில் ஒரு பை நிறையக் கொண்டுவந்து இறக்கினார். கிளினிக்கில் இப்போது எல்லா நோயாளிக்கும் அதுதான். என் வீட்டுக் கட்டிலின் காலிலும் ஒன்று தொங்குகிறது.

ரேவதியைப் பார்த்து அவள் டேபிளில் மற்ற பெண்களும் ஒற்றைக் காலில் நிற்க ஆரம்பித்துவிட்டார்களாம். சூப்பர்வைசர் ஏதோ வேண்டுதல் என்று நினைத்து இரண்டு நாள் கேட்காமலே இருந்திருக்கிறார்.

முந்தாநாள் சனிக்கிழமை. தேர்வுக்கு முந்தைய நாள். என் கால் சரியாகிவிட்டது, இருந்தும் போனேன்.

ஸ்டெல்லா தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். ஒற்றைக் காலில் தொடர்ந்து மூன்று தாண்டல். இரண்டு காலும் தொட்ட தூரத்துக்கு இடையே ஒரு அடி வரை வித்தியாசம் இருக்கலாம். அதற்கு மேல் போனால் களத்தில் மறுபடி மடங்கும். ரேவதி இடது காலில் தாண்டினாள். வலது காலில் தாண்டினாள். விழுந்த இரண்டு இடத்திலும் ஸ்டெல்லா கோடு கிழித்தார். கம்பெனியிலிருந்து கொண்டுவந்த இஞ்ச் டேப்பின் ஒரு முனையை நான் பிடித்தேன்.

வித்தியாசம் பதினெட்டு இஞ்சு.

“ஆறு இஞ்சுதானுங்களே கூட... இன்னொரு தடவை பார்க்கலாமுங்க” என்றார் மாஸ்டர். சரி என்று தலையாட்டிவிட்டு, போன் அடிக்கவே ஸ்டெல்லா உள்ளே போனார்.

மாஸ்டர் மெதுவாகச் சொன்னார், “ஏங்கண்ணு, நல்ல கால்ல கொஞ்சம் கம்மியாத் தாண்டு. கணக்குச் சரியாப் போயிரும்.”

எனக்குக் கேட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அவள் அப்படியே செய்துவிட வேண்டும் என்றுதான் என் மனசும் அடித்துக்கொண்டது. இரண்டு வருஷக் காத்திருப்பு... ஆறு இஞ்சு.

ரேவதி கோட்டில் நின்றாள். வலது காலில் தாண்டினாள். முன்பு விழுந்த இடம்தான். திரும்பி வந்து இடது காலில் நின்றாள். முன்பு இந்தக் கால் விழுந்த கோட்டைப் பார்த்தாள். பிறகு தாண்டினாள் — அந்தக் கோட்டையும் தாண்டிப் போய் விழுந்தாள்.

விழுந்த இடத்தில் சாக்பீஸால் கோடு கிழித்து, இஞ்ச் டேப்பை அவளே குனிந்து பிடித்துப் பார்த்தாள். இருபது.

“எங்க டேபிளுக்கு வந்தா இது பாஸ் ஆகாதுங்க மாஸ்டர்” என்றாள்.

மாஸ்டர் நெற்றியைத் தேய்த்தார். “அப்ப ரிஜெக்ட்டா கண்ணு?”

“இல்லீங்க. ஆல்ட்டருங்க. பிரிச்சுத் தெச்சுக் கொண்டாந்தா மறுக்காப் பார்ப்போம்.”

சொல்லி முடித்ததும் வாசற்படியில் போய் உட்கார்ந்து அழுதாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஐம்பது வயசுக்காரன் வாய்மூடி நின்ற இடத்தில் பத்தொன்பது வயசுப் பெண் நேராக நின்றிருக்கிறாள். வெளியே வந்த ஸ்டெல்லா தரையில் இருந்த கோடுகளைப் பார்த்தார். சீனியர் அணித் தேர்வுக்கு இன்னும் எத்தனை மாதம் என்று மட்டும் மாஸ்டரிடம் விசாரித்தார்.

அழுது முடித்ததும் ரேவதி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வலது காலில் நின்றாள். கண்ணை மூடினாள். மாஸ்டர் வாட்சைப் பார்த்து எண்ண ஆரம்பித்தார்.

நானா? பஸ் முழுதாக நின்ற பிறகுதான் இறங்குகிறேன். கண்டக்டர்தான் முறைக்கிறார்.