அண்ணிக்கு மிஞ்சிய சொல்

தூங்குமூஞ்சி மரத்தின் நிழல் நகர நகர, நாங்களும் நாற்காலிகளை நகர்த்திக்கொண்டே போவோம். லாவெல் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் பழைய பங்களா ஒன்றை உணவகமாக மாற்றியிருந்தார்கள். மாதத்தின் முதல் சனிக்கிழமை மதியம் அதன் தோட்டத்தில் போய் உட்கார்ந்தால், நாங்கள் எழுந்திருக்கும்போது பறவைகள் மரத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கும். துணியில் சுற்றிய சூடான ரொட்டி வரும், பூண்டு போட்ட வெண்ணெய் வரும். நந்தி மலைப் பக்கத்துத் திராட்சையில் செய்த ஒயின் வரும். அதற்குப் பிறகு வெகுநேரம் எதுவும் வராது, யாரும் கேட்கவும் மாட்டார்கள். எலுமிச்சை பிழிந்து சுட்ட மீன் ஒருவழியாக வந்து சேரும்போது முதல் பாட்டில் காலியாகியிருக்கும். அப்படி நிதானமாக, எங்கும் போக வேண்டிய அவசரமில்லாமல் சாப்பிடுவதற்கு எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் அண்ணி.

அண்ணி ஒரு பொதுத்துறை ஆலையில் பணியாளர் துறை அதிகாரியாக இருந்தவர். விசாரணை என்று கூப்பிட்டால் யூனியன்காரர்களே இரண்டு முறை தண்ணீர் குடித்துவிட்டுத்தான் அவர் அறைக்குள் போவார்கள் என்று அண்ணன் பெருமையாகச் சொல்வார். அந்த நாக்கை அவர் சனிக்கிழமைகளில் வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வருவதில்லை. மேசையில் அவருடைய கல்லூரித் தோழிகள் இருவர் இருப்பார்கள். ஒருவர் வக்கீல், மற்றவர் டாக்டர். நான் அவர்களை அக்கா என்று கூப்பிட்டாலும் மனதுக்குள் வக்கீலம்மா, டாக்டரம்மா என்றுதான் வைத்திருந்தேன். என் திருமணம் முறிந்து நான் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்த வருடத்தில், அறையை விட்டு வெளியே வராமல் கிடந்த என்னை அண்ணி ஒரு சனிக்கிழமை காரில் ஏற்றி அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தார்.

முதல் கோப்பை முடிவதற்குள் அவர் என்னைத் தோழிகளுக்கு அறிமுகம் செய்துவிட்டார். "இவ புருஷன் இன்னொருத்தியோட போய்ட்டான்னு இவளுக்கு ஆறு மாசம் கழிச்சுதான் தெரிஞ்சுது. ஏன்னா வீட்ல இருந்தப்பவும் அவன் இல்லாத மாதிரிதான் இருந்தான்."

டாக்டரம்மா மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். திரும்பி வந்தபோது என் தட்டில் மீனின் நடுத்துண்டு இருந்தது. "சாப்பிடு. அழுதா பசிக்கும்" என்றார் அண்ணி, என்னைப் பார்க்காமலே.

அந்த மேசையில் யாருக்கும் விலக்கு கிடையாது. டாக்டரம்மாவைப் பற்றி, "இவகிட்ட போற பேஷன்ட்ல பாதிப் பேர் குணமாயிடறாங்க, மீதிப் பேர் கம்ப்ளெய்ன்ட் பண்றதில்ல" என்பார். வக்கீலம்மாவுக்கு ஒரே மகன். அமெரிக்காவுக்குப் படிக்கப் போய் அங்கேயே தங்கிவிட்டவன், அம்மாவோடு பேச்சும் குறைந்துவிட்டது. அண்ணி அதைத் தொடாமல் ஒரு சனிக்கிழமையும் போனதில்லை. "உன் பையன் படிக்கப் போகலடீ, உன்கிட்ட இருந்து தப்பிச்சுப் போனான். படிப்பு சும்மா வழியில கெடச்சுது." வக்கீலம்மா சிரிப்பார். ரொட்டியைப் பிய்த்து, வெண்ணெயை மூலை முடுக்கு விடாமல் தடவி, அதைச் சாப்பிடாமல் தட்டிலேயே வைத்துவிடுவார். பிறகு யாராவது ஒரு வம்பை ஆரம்பிப்பார்கள். அண்ணி நாற்காலியில் சாய்ந்து, கோப்பையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "அப்பறம்?" என்பார். அவர் "அப்பறம்?" என்றால் எப்பேர்ப்பட்ட அழுத்தக்காரியும் அடுத்ததைச் சொல்லிவிடுவாள்.

ஒருநாள் காலை பல் துலக்கிக்கொண்டிருந்தவர் வாஷ் பேசினருகே சரிந்து விழுந்தார். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்தபோது வலது கை தொங்கியது, வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது, பேச்சு போய்விட்டிருந்தது. பல வாரங்கள் கழித்து ஒரு சொல் மட்டும் திரும்பி வந்தது. அது "அப்பறம்". மூளையில் அப்படி ஏதாவது ஒரு சொல் மாட்டிக்கொள்ளும், எதைச் சொல்ல நினைத்தாலும் அதுதான் வரும் என்றார் பேச்சுப் பயிற்சி தருபவர். தண்ணீர் வேண்டுமென்றாலும் அப்பறம், வலித்தாலும் அப்பறம், அண்ணன் மேல் கோபம் வந்தாலும் அப்பறம். ஆயிரம் பேரை ஒரு வாக்கியத்தில் சாய்த்தவருக்கு மிஞ்சியது அவ்வளவுதான்.

வீட்டில் எல்லோரும் அவரிடம் அன்பாக இருந்தோம். அண்ணன் ரசம் சாதத்தைக் குழைத்து ஊட்டி, "சமத்து, சமத்து" என்பார். உடற்பயிற்சி சொல்லித்தர வரும் பெண், அவர் காலை ஒரு அடி தூக்கினால் கைதட்டுவாள். பார்க்க வந்த உறவினர்கள் அவர் தலைக்கு மேலேயே என்னிடம், "நாம பேசறது புரியுதா இவங்களுக்கு?" என்று கேட்பார்கள். அண்ணி கண்ணை மூடிக்கொள்வார்.

சில மாதங்கள் கழித்து வக்கீலம்மா போன் செய்தார். "கூட்டிட்டு வா. மேசை அப்படியேதான் இருக்கு." நான் அண்ணிக்குப் பட்டுக்கரை வைத்த காட்டன் புடவை கட்டி, தலை வாரி, கைத்தடியோடு கூட்டிக்கொண்டு போனேன். பரிமாறுகிறவர் ஓடிவந்து தோட்டத்துப் படிகளில் கைகொடுத்து இறக்கிவிட்டார். முதலில் இரண்டு தோழிகளும் குழந்தையிடம் பேசுவதுபோல உரக்க, நிறுத்தி நிறுத்திப் பேசினார்கள். டாக்டரம்மா மீனை முள் எடுத்துச் சிறு சிறு துண்டுகளாக்கினார். குடிக்கக் கூடாது என்று தெரிந்திருந்தும் அவர்தான் ஒரு வாய் ஒயினும் ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் அவர்கள் தங்களை மறந்து பழையபடி வம்பு பேச ஆரம்பித்துவிட்டார்கள். நடுநடுவே அண்ணி, "அப்பறம்" என்றார். அது சரியாகப் பொருந்தியது. அவர்கள் மேலே சொன்னார்கள். சற்று நேரம் எதுவுமே நடக்காததுபோல இருந்தது.

வக்கீலம்மா மூன்றாவது கோப்பையில் இருந்தார். ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே, மிக இனிமையான குரலில் அண்ணியிடம் கேட்டார். "இப்ப சொல்லு பாக்கலாம். என் பையனப் பத்தி எப்பவும் ஒண்ணு சொல்வியே, அதச் சொல்லு."

அண்ணியின் வாய் அசைந்தது. "அப்பறம்."

"அப்பறம் நான் சொல்றேன். இருபது வருஷமா வாய மூடிக்கிட்டுக் கேட்டேன் இல்ல? உன் புருஷன நல்லவன்னு நாங்கெல்லாம் ஏன் சொல்றோம் தெரியுமா? உன்னோட குடும்பம் நடத்தினான், அதுக்குத்தான். வேற ஒண்ணும் அவன்கிட்ட கெடையாது."

"அப்பறம்?"

"நீ ஆஸ்பத்திரில கெடந்தப்ப உன் ஃபேக்டரில இருந்து எத்தன பேர் வந்தாங்க? ஒருத்தன் வந்தானா?"

"போதும்க்கா" என்றேன் நான். மேசைக்கடியில் அண்ணியின் இடது கை என் மணிக்கட்டைப் பிடித்தது. நகம் பதிந்தது. "அப்பறம்?" என்றார் வக்கீலம்மாவைப் பார்த்து.

"உனக்கு இப்படி ஆயிடுச்சுன்னு கேட்டதும் அழுதேன்டீ. நெஜமா அழுதேன். அழுது முடிச்சதும் அப்பாடான்னு இருந்துது. இனிமே சனிக்கிழமை நிம்மதியா சாப்பிடலாம்னு."

டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கையைத் தாண்டி அந்தச் சிரிப்பு வெளியே வந்தது.

"அப்பறம்?"

"அப்பறம் என்ன, ஐஸ்கிரீம் சொல்லலாம்" என்றார் வக்கீலம்மா. அன்றுதான் அவர் வெண்ணெய் தடவிய ரொட்டியைச் சாப்பிட்டு நான் பார்த்தேன்.

அண்ணி கேட்டது இன்னும் சொல் என்றா, நிறுத்து என்றா, எனக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் அவரிடம் இருந்தது அந்த ஒரு சொல்தான். திரும்பும் வழியில் ரிச்மண்ட் சர்க்கிள் நெரிசலில் கார் நின்றபோது, "இனிமே அங்க போக வேணாம் அண்ணி" என்றேன். அவர் இடது கையால் டாஷ்போர்டை ஓங்கி அடித்தார். அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை, விடிந்ததும் அலமாரி முன் நின்று கைத்தடியால் ஒரு புடவையைத் தட்டிக் காட்டினார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் போனோம். வக்கீலம்மா தயாராக வருவார். அண்ணியின் வாயோரம் வழிவதைப் பற்றி, தடியைப் பற்றி, அண்ணன் அவருக்கு ஊட்டிவிடுவதைப் பற்றி ஏதாவது ஒன்று இருக்கும். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அண்ணி மட்டும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து கேட்பார். வீட்டில் அரைக்கண் மூடிக் கிடப்பவரின் இரண்டு கண்களும் அங்கே விழித்திருக்கும். அவர்மேல் கோபப்படத் துணிந்த ஒரே ஆள் வக்கீலம்மாதான் என்பது எனக்கு மெல்லத்தான் விளங்கியது.

வக்கீலம்மாவின் பிறந்தநாள் ஒரு சனிக்கிழமையில் வந்தது. நல்ல மாம்பழ நிறத்தில் புடவை கட்டி வந்திருந்தார். போனை வெண்ணெய்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில், திரை மேலே தெரியும்படி வைத்திருந்தார். அண்ணியைச் சீண்டுவதும் போனைப் பார்ப்பதுமாகச் சாப்பாடு போய்க்கொண்டிருந்தது. திடீரென்று அண்ணியின் தாடை இறுகியது. கழுத்து நரம்பு புடைத்தது. மூச்சு முட்டுகிறதோ என்று நான் எழுந்துவிட்டேன். டாக்டரம்மா முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"போ... ன்."

அண்ணனோடு பேச வேண்டுமோ என்று என் போனை எடுத்து நீட்டினேன். அண்ணி அதைத் தள்ளிவிட்டு, இடது கையைத் தூக்கி, வெண்ணெய்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கிடந்த போனைக் காட்டினார். முகத்தில் வியர்வை துளிர்த்திருந்தது.

"போன்... வர்ல."

மகன் கூப்பிடவில்லை என்பது அன்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதை ஒருவரும் சொல்லாமல் மீன் வரைக்கும் வந்திருந்தோம். வக்கீலம்மா முதலில் சிரிக்கத்தான் முயன்றார். வாய் கோணியது, அண்ணியின் வாயைப் போலவே. டாக்டரம்மா வெடித்துச் சிரித்தார். யார் ஜெயிக்கிறார்களோ அந்தப் பக்கம் சிரிப்பது அவர் வழக்கம். வக்கீலம்மா கை கழுவிவிட்டு வருவதாகச் சொல்லிப் போனை எடுத்துக்கொண்டு எழுந்தார். கேட்டுக்கு வெளியே ஒரு ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது. அண்ணி மெதுவாகத் தன் மீனைச் சாப்பிட்டு முடித்தார். இடது கையால் அவ்வளவு சிந்தாமல் அவர் சாப்பிட்டதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அத்தோடு அந்தச் சனிக்கிழமைகள் நின்றன. நான் கூப்பிட்டபோது டாக்டரம்மா, "அவளுக்குப் பேச்சு வராமயே இருந்திருக்கலாம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அந்த இரண்டு சொற்களும் பிறகு அண்ணிக்கு வரவே இல்லை. பயிற்சி தருபவர் போனைக் கையில் கொடுத்துக் கொடுத்துப் பார்த்தார். "அப்பறம்" மட்டும்தான் வந்தது.

இப்போது முதல் சனிக்கிழமைகளில் நானும் அண்ணியும் மட்டும் போகிறோம். நான் முள் எடுத்துக் கொடுக்கிறேன். என் அலுவலகத்தைப் பற்றி, மெட்ரோ வேலையைப் பற்றி, அண்ணனின் சர்க்கரையைப் பற்றிச் சொல்கிறேன். அவர் மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். போன வாரம் அடுத்த மேசையில் நான்கு பெண்கள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி நாற்காலியையே அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். நான் துண்டாக்கி வைத்த மீனைத் தொடவில்லை. நான் எடுத்து நீட்டியபோது கரண்டியைத் தட்டிவிட்டார். அது என் மடியில் விழுந்தது.

மடியைத் துடைத்துக்கொண்டேன். குரலை உயர்த்தாமல் சொன்னேன். "உங்க ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேரும் சமாதானம் ஆயிட்டாங்க அண்ணி. இந்திராநகர்ல வேற எடம் புடிச்சிருக்காங்க. டாக்டர் அக்கா போட்டோ போட்டிருந்தாங்க, நான் பாத்தேன். உங்கள விட்டுட்டு நல்லாத்தான் சாப்பிடறாங்க. உங்களப் பத்தி நெனச்சுக்கூடப் பாக்கற மாதிரி தெரியல."

அண்ணி மெல்லத் திரும்பினார். இத்தனை வருடங்களில் முதல்முறையாக, நான் பேசியது கேட்பதற்குத் தகுந்தது என்பதுபோல என்னை முழுசாகப் பார்த்தார். நாற்காலியை இடது கையால் என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். காலிக் கோப்பையை என்னை நோக்கித் தள்ளினார்.

"அப்பறம்?"

நான் ஒயினை ஊற்றிவிட்டு, மேலே சொல்ல ஆரம்பித்தேன்.