திருப்பி அனுப்பியது சரி, எதற்காக?

திருட்டு புரோகிராம் எழுதி, அது மாட்டிக்கொண்டால் சந்தோஷப்படுவது என் பிழைப்பு. கணினியின் அடிமடியான கர்னலுக்குள் ஓட வரும் குட்டி புரோகிராம்களை முன்கூட்டியே படித்து, ஆபத்தானதைத் திருப்பி அனுப்புகிற காவலுக்கு வெரிஃபையர் என்று பெயர். அது தூங்குகிறதா என்று சோதிக்கிறேன், கொல்லிமலையில் வீட்டிலிருந்தபடியே. இதே வேலையில் சிக்கிய சக பாவிகளுக்கு இது புரியும்.

மாமியாரின் சந்தேகம்

"நான் எழுதுனது ஓடக் கூடாதுங்க அத்தை, ஓடுனா ஆபத்து" என்று ஒருநாள் விளக்கினேன். மிளகு காயவைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏனுங்க மாப்ள, ஓடாததை எழுதறதுக்கா காத்தால இருந்து உக்காந்திருக்கீங்க?"

எல்லாம் பச்சை

புரோகிராம் தன் எல்லையைத் தாண்டி அடுத்தவர் நினைவகத்தைப் படித்தால் தடுக்க வேண்டும். வெரிஃபையரில் அதற்கான புதுச் சோதனை வெள்ளிக்கிழமை வெளியாக இருந்தது. முப்பது திருட்டு புரோகிராம்கள் அனுப்பினேன். முப்பதும் திரும்பி வந்தன, திரை முழுக்க 'பாஸ்' என்று பச்சை. பெங்களூரில் இருக்கும் என் டீம் லீட் ரேவதியிடம் பெருமையாகச் சொன்னேன்.

"உங்க வார்த்தையை நம்பித்தான் ரிலீஸ் பண்றேன். ஆஸ்பத்திரி மெஷின்லகூட இது ஓடப்போகுது."

இறங்காத கிழங்கு

வியாழக்கிழமை காலை மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு காளப்பநாயக்கன்பட்டிக்குக் கிளம்பிய மச்சினன், லோடோடு திரும்பி வந்தான். அடிவாரச் செக்போஸ்ட்டில் வண்டியைத் திருப்பிவிட்டார்களாம். "பரவால்லையே, செக்கிங் கறாரா இருக்குது" என்றேன். சிரித்துவிட்டான்.

"ஒரு லைட்டு எரியலைன்னு திருப்பிட்டாங்க மச்சான். தார்ப்பாயைத் தூக்கி உள்ள என்ன இருக்குதுன்னு ஒருத்தரும் பாக்கலீங்க."

தார்ப்பாயைத் தூக்கினேன்

எனக்குச் சுருக்கென்றது. முப்பதும் எதற்காகத் திரும்பின என்று அதுவரை நான் படிக்கவே இல்லை. போய்ப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்: முதல் வரியில் ஒரு மாறிக்கு மதிப்பைக் கொடுக்க மறந்து, அந்தத் தப்போடு முப்பது நகல் எடுத்திருக்கிறேன். வெரிஃபையர் அந்த வாசலிலேயே துரத்திவிட்டது. எல்லைச் சோதனை வரை ஒன்றுகூடப் போகவில்லை. திருத்தி மறுபடி அனுப்பினேன். முப்பதில் மூன்று, தடுக்க ஆளில்லாமல் ஜம்மென்று உள்ளே போய்விட்டன. வேலை போனாலும் போகட்டும் என்று, சிக்னல் கிடைக்கும் சில்வர் ஓக் மரத்தடிக்கு ஓடிப்போய் ரேவதியிடம் ஒப்புக்கொண்டேன்.

"ரிலீஸை நிறுத்திட்டேன். மறைக்காம இன்னிக்கே சொன்னீங்க பாருங்க, அதுக்கு ரொம்ப நன்றி."

அந்த நன்றியில் பாதிக்கு மேல் மச்சினனுக்குச் சேரவேண்டியது என்பதால் அவன் வண்டிக்குப் புது லைட் நானே மாட்டிக் கொடுத்தேன், எரிகிறதா என்று மட்டுமல்ல, எந்த ஒயரால் எரிகிறது என்றும் பார்த்த பிறகுதான் இறங்கினேன்.