மூன்று வீட்டில் ஒரு கறுப்பு வைரம்

ஜெயிக்க வாய்ப்பே இல்லை என்று எல்லோரும் சொன்ன பிறகு இசக்கிச்செல்வி ஜெயித்தவை இவை. ஆறாம் வகுப்பில், ஒற்றைச் செருப்போடு ஓடி, எலுமிச்சம்பழ ஓட்டத்தில் இரண்டாம் பரிசாக ஒரு பச்சை சோப்பு டப்பா. (மூன்றாம் பரிசு என்று அப்பா சொல்வார். இரண்டாம் பரிசுதான். டப்பா இன்னும் குளியலறையில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.) அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய மறுநாளே எழுதிய கணக்குப் பரீட்சை. நகைக்கடைக்காரர் பெண் நகைக்கடையில்தான் உட்கார வேண்டும் என்ற அப்பாவிடமிருந்து, புள்ளியியல் படிக்க அனுமதி. ராஜா அண்ணாமலைபுரத்தில் தபால்காரரையே இரண்டு தடவை கடித்த ஒரு நாயின் சினேகம். கடைசியாக, மயிலாப்பூரிலிருந்து நொச்சிக்குப்பம் வரை பதினோரு தெருக்கள்.

அந்தப் பதினோரு தெருக்களை அவள் இழக்க இருந்தாள். காப்பாற்றியது ஒரு கறுப்பு வைரம்.

அப்பா அய்யாதுரை தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, தியாகராய நகரில் பாண்டி பஜாருக்குப் பின்னால் சின்னதாக ஒரு நகைக்கடை வைத்திருக்கிறார். மூத்தவள் முத்துலட்சுமி பத்தாவதோடு கடைக்கு வந்துவிட்டாள். லென்ஸைக் கண்ணில் வைத்தால் கல்லிலுள்ள கீறலைச் சொல்லிவிட்டுத்தான் எடுப்பாள். இளையவள்தான் இசக்கிச்செல்வி. குலதெய்வத்தின் பெயர் அது. பள்ளியில், "இசக்கி வருது, ஓடுங்கடா!" என்று பையன்கள் கூச்சல் போட்டு ஓடியதிலிருந்து அவள் இசக்கியை ஆங்கில எழுத்தாகச் சுருக்கி, வெறும் ஐ. செல்வி ஆகிவிட்டாள். கையெழுத்தும் அப்படித்தான். ஒரு ஐ, ஒரு புள்ளி, பிறகு மண்புழு மாதிரி ஒரு வளைவு. முத்துலட்சுமிக்கு அந்த வளைவைக் கண்டாலே ஆகாது.

அம்மா 2021 மே மாதம், காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாக வீட்டிலேயே போனார். சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். பெருந்தொற்றில் இறந்தவர்கள் பட்டியலில் அம்மா இல்லை. அதனால்தான், அடையாறில் ஓர் ஆராய்ச்சி நிலையம் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்க ஆள் கேட்டபோது இசக்கி முதல் ஆளாய்ப் போய் நின்றாள்.

கணக்கு எளிமையானது. எந்த நோயால் செத்தார்கள் என்று கேட்க வேண்டாம். நோய் வருவதற்கு முந்தின வருஷங்களில் ஒரு தெருவில் எத்தனை பேர் போனார்கள், நோய் வந்த வருஷங்களில் எத்தனை பேர் போனார்கள் என்று எண்ண வேண்டும். கூடுதலாக நிற்பதுதான் உண்மை. சான்றிதழில் என்ன எழுதியிருந்தாலும் அந்தக் கூடுதலில் எல்லோரும் வந்துவிடுவார்கள்.

எளிமையானதுதான், யாராவது கதவைத் திறந்தால்!

"உங்க வீட்ல யாராவது இறந்தாங்களா?" என்று இசக்கி கேட்டது ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். அந்த வீட்டு அம்மாள் கதவைச் சாத்திய வேகத்தில் வாசல் மாவிலைத் தோரணம் கழன்று இசக்கியின் கழுத்தில் விழுந்தது. மாலையும் கழுத்துமாகக் கடைக்கு வந்து நின்றாள்.

"யாரைட்டி கட்டிக்கிட்டு வந்திருக்க?" என்றாள் முத்துலட்சுமி.

அந்த நேரம் பார்த்துத் தீபாவளிப் பலகாரச் சீட்டுக்கு ஆள் சேர்க்கும் ஒரு பெண்மணி கடையேறி வந்தாள். முன்பெல்லாம் சேர்ந்தவர் நடுவில் ஏன் விட்டுவிட்டார் என்று அப்பாவைக் கேட்டாள். அம்மா இறந்ததைப் பற்றி இரண்டு வருஷமாக வாயே திறக்காத அப்பா, தராசைத் துடைத்தபடி சாதாரணமாகச் சொன்னார்: "இருபத்தொண்ணுல எங்களுக்குத் தீபாவளி இல்லம்மா. அப்படியே விட்டுப்போச்சு."

இசக்கி அக்காவைப் பார்த்தாள். அக்கா இசக்கியைப் பார்த்தாள். சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் பண்டிகை கிடையாது. அதை யார் கேட்டாலும் தயங்காமல் சொல்வார்கள்!

மறுநாளிலிருந்து கேள்வி மாறியது. "எந்தெந்த வருஷம் உங்களுக்குத் தீபாவளி இல்ல?" கதவுகள் திறந்தன. காபி வந்தது. தபால்காரரைக் கடித்த நாய் வாலாட்டியது. "யாருக்காக?" என்று மட்டும் மெல்லக் கேட்டு, அப்பா, மாமியார், பெரியப்பா என்று டேப்லெட்டில் தட்டிக்கொள்வாள். பெயரைக் கேட்டால் அழுதுவிடுவார்களோ என்று கேட்க மாட்டாள். நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் பூங்காவனம் மட்டும் முறைத்தாள்.

"இன்னா, தீபாவளி பண்டு புடிக்க வந்தியா? போன வாட்டி ஒருத்தன் புடிச்சிக்கினு ஓடியே பூட்டான்."

பண்டு இல்லை என்று சத்தியம் செய்த பிறகு, "இருவத்தொண்ணுல நாங்க தீபாவளி வைக்கல. நைனா பூட்டாரு" என்றாள். பக்கத்து வீடுகளிலும் அந்த வருஷம் வைக்கவில்லை. ஏ.சி. ரிப்பேர் செய்யும் கரீமுல்லா மட்டும் வாசலில் நின்று, "எங்க வீட்ல எந்த வருஷமுமே தீபாவளி இல்லம்மா!" என்றார். அவரும் இசக்கியும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இசக்கி பூஜ்யம் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.

ஆராய்ச்சி நிலையத்தின் தலைவி சூடாமணி அம்மாள் புதுக் கேள்வியைக் கேட்டுக் கை தட்டினார். எண்களைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நோய் வர்றதுக்கு முன்னாடியே உன் தெருவுல இத்தனை பேர் போயிருக்காளே! இந்த வேகத்துல போனா மயிலாப்பூர்ல கீரை வாங்கக்கூட ஆள் மிஞ்சாதேடீ. நோய்னால இல்லை, எண்ணினதுல ஏதோ தப்பு. வெள்ளிக்கிழமைக்குள்ள கண்டுபிடி. இல்லேன்னா உன் தெருக்களை எடுத்துடணும், வேற வழியில்லை."

எடுத்துவிட்டால் பதினோரு தெருக்களில் போனவர்களும், அம்மாவைப் போலவே, எந்தக் கணக்கிலும் இல்லை. இசக்கிக்குச் சோறு இறங்கவில்லை. முத்துலட்சுமிக்கும்.

கடையில் அப்போது வேறொரு பரபரப்பு. அப்பாவுக்கு ஒரு கறுப்பு வைரம் கிடைத்திருந்தது. சூடேற்றிக் கறுப்பாக்கிய கல் இல்லை, பூமிக்குள்ளேயே கறுத்தது. வருஷக்கணக்கில் கல் பார்த்த அப்பா கையில் அதுதான் முதல். வெளிச்சத்தில் காட்டினால் மின்னாது. வெளிச்சத்தை விழுங்கிவிட்டு, அடுப்புக்கரித் துணுக்கு மாதிரி பேசாமல் கிடக்கும். யார் வாங்குவார்கள் என்று அப்பா கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது, மயிலாப்பூர் ஜெயராம், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ராசி பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று கையெழுத்துப் போட்டு எடுத்துப்போனார். வைரத்தைச் சில நாள் வீட்டில் வைத்திருந்து, நல்லது நடந்தால் வாங்குவது, நடக்காவிட்டால் திருப்பித் தருவது. அது வழக்கம்தான்.

செவ்வாய்க்கிழமை மதியம் கடைத் தொலைபேசி அடித்தது. "ராஜகோபாலன் ஆத்துலேர்ந்து பேசறேன். எங்காத்துல இருக்கே கறுப்பு வைரம், அதைத் தலைமாட்டுல வெச்சுக்கணுமா, இல்லை சுவாமி உள்ளேயா?"

முத்துலட்சுமி ரிசீவரையே பார்த்தாள். ராஜகோபாலன் யார்? பதில் சொல்லி வைத்த கொஞ்ச நேரத்தில் மறுபடி அடித்தது. இந்த முறை அப்பா எடுத்தார்.

"அங்கிள், சாய்சரண் பேசறேன். எங்க வீட்டு பிளாக் டைமண்டை நாய் நக்கிடுத்து. ராசி போயிடுமா?"

அப்பா ரிசீவரை வைக்க மறந்து திரும்பினார். "ஏட்டி முத்து, நம்மகிட்ட எத்தன கல்லு இருந்துச்சு?"

"ஒண்ணுப்பா."

"ஒண்ணு எப்படிட்டி மூணாச்சு? குட்டி போட்டுச்சா? ஊர்லயே இல்லாத கல்லு, மயிலாப்பூர்ல தெருத்தெருவா கெடக்கு!"

தன் போனில் ஜெயராமைக் கூப்பிட்டு, குரலை எல்லோரும் கேட்கும்படி வைத்தார். இசக்கி கல்லாவுக்குப் பின்னால் தயிர்சாதத்தை ஊறுகாயோடு பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"பத்திரமா நம்மாத்துலதான் இருக்கு, அய்யாதுரை."

"எந்த ஆத்துல சார்?"

"ராஜு கேட்டான்னு கொடுத்தேன். அவன் சாய்சரணுக்குக் கொடுத்தான். எல்லாம் தாயாதிதானே. எங்க மூணு ஆமும் ஒண்ணுதானேய்யா!"

அப்பா நாற்காலியில் சரிந்தார். முத்துலட்சுமி நிம்மதியில் படபடவென்று பொரிந்தாள். "இதுக்குத்தான் சொல்லுதேன்! கல்லு எந்த வீட்ல தூங்குதுன்னு கேட்டா மூணு வீட்டுலயும் ஆமாம்பாக. யாரு கையெழுத்துப் போட்டு எடுத்துட்டுப் போனதுன்னு கேக்கணும். கல்லு ஒண்ணுதான!"

தயிர்சாதக் கை அந்தரத்தில் நின்றது.

"அக்கா," என்றாள் இசக்கி. "அந்த மூணு வீடும் என் தெருக்கள்லதான் இருக்கு." ஊறுகாய்க் கையோடு அப்பாவின் போனைப் பிடுங்கினாள். "சார், சர்வே பொண்ணு பேசுறேன். உங்க மூணு வீட்லயும் இருபத்தொண்ணுல தீபாவளி இல்லன்னு சொன்னீங்க. நீங்க பெரியப்பான்னீங்க. ராஜகோபாலன் சார் அப்பான்னாங்க. சாய்சரண் தாத்தான்னார்."

"ஆமாம்மா. ராமதுரைப் பெரியப்பா. எனக்குப் பெரியப்பா, ராஜுவுக்கு அப்பா, சாய்சரணுக்குத் தாத்தா. மனுஷர் ஒருத்தர்தான், ஆனா மூணு பேருக்குச் சமமா சாப்பிடுவார்!"

இசக்கி அலறிய அலறலில் எதிர்க்கடை வாட்ச்மேன் ஓடிவந்தார். பங்காளிகள் எல்லோருக்கும்தான் பண்டிகை கிடையாது! ஒரே பெரியவர், மூன்று தெருவில், மூன்று தடவை இறந்திருக்கிறார். குப்பத்தில் கேட்கவே வேண்டாம். நோய் வருவதற்கு முந்தின வருஷங்களிலும் அதேதான். ஊறுகாய்க் கையாலேயே அவள் அக்காவைக் கட்டிப்பிடித்தாள். முத்துலட்சுமியின் வெள்ளைச் சட்டையில் அந்தக் கறை இன்றைக்கும் போகவில்லை, போக வைக்க அவள் முயற்சி செய்யவும் இல்லை.

கையெழுத்துப் போட்டது யார் என்பதற்குச் சாவில் என்ன கேள்வி? அதையும் அங்கேயே கண்டுபிடித்தார்கள். திவசம் எந்த வீட்டில்? பண்டிகையைப் பத்து வீடு நிறுத்தும், திவசம் ஒரு வீட்டில்தான் நடக்கும். அவர் பெயர் என்ன என்பதையும் இனிக் கேட்டுவிடுவது.

இரண்டு நாள் கடையை அப்பாவிடம் விட்டுவிட்டு முத்துலட்சுமியும் கூட நடந்தாள். குப்பத்தில் நுழைந்ததுமே, "பண்டு பொண்ணு இன்னொரு பண்டைக் கூட்டியாந்துகீது!" என்று கூவினாள் பூங்காவனம். திவசக் கேள்வியைக் கேட்டதும் விழுந்து சிரித்தாள். "எனக்கு நைனா, இவளுக்கு மாமா, அதோ வலை பிரிக்கிறானே, அவனுக்குச் சித்தப்பன். இம்மாம் பேருக்கும் ஒரே ஆளுதான். பேரு மாசிலாமணி. எழுதிக்கோ. எய்துறப்ப நல்லா பெருசா எய்து, மனுசன் பெரிய படகு வெச்சிக்கீந்தாரு."

கரீமுல்லாவின் வீட்டை இசக்கி தாண்டப் போனாள். முத்துலட்சுமி நின்றுவிட்டாள். கல் பிரிக்கும்போது ஒன்றை விட்டுவிட்டு நகர்வது அவளுக்குப் பழக்கமில்லை.

"இவங்க வீட்ல கேட்டியா?"

"இவங்களுக்குத் தீபாவளியே இல்லக்கா."

"அதுக்காகச் சாவும் இல்லையாட்டி?"

கரீமுல்லா இந்த முறை சிரிக்கவில்லை. "நேரா கேட்டிருந்தீங்கன்னா அன்னிக்கே சொல்லியிருப்பேம்மா. எங்க அண்ணன், உமர் ஃபாரூக். இருபத்தொண்ணு, மே மாசம். இந்த ரூம்லதான்." அவர் மனைவி அஃப்சருன்னிசா உள்ளேயிருந்து நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். இசக்கி உட்காரவில்லை. நின்றபடியே பெயரையும் வயதையும் எழுதினாள். "எங்க அம்மாவும் அதே மே மாசம்தான்" என்றாள். அஃப்சருன்னிசா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தேநீர் குடிக்காமல் விடவில்லை. பிறகு, பூஜ்யம் போட்ட எல்லாக் கதவுகளையும் அவர்கள் மறுபடி தட்டினார்கள். நேராகக் கேட்டார்கள். நேராகக் கேட்டாலும் கதவுகள் இப்போது திறந்தன. பண்டுப் பெண்ணை எல்லோருக்கும் தெரிந்துவிட்டதே!

வெள்ளிக்கிழமை அடையாறில் சூடாமணி அம்மாள் புதுக் கணக்கை வரிவரியாகப் பார்த்தார். முந்தின வருஷங்கள் எல்லாம் சரசரவென்று இறங்கி, ஒழுங்காக உட்கார்ந்திருந்தன. 2021-ம் வருஷமும் இறங்கியிருந்தது, ஆனால் மற்றவற்றுக்கு மேலே தனியாக, உயரமாக நின்றது. இனி யாராலும் அதைத் தப்பு என்று சொல்லித் தள்ள முடியாது.

"தாயாதிக்கும் பண்டிகை கிடையாதுன்னு எனக்கே தோணலை பாரேன்! போன வருஷம் எங்காத்துலயே அப்படித்தான்" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். "உன் தெரு அத்தனையும் உள்ளே."

முத்துலட்சுமி கைப்பையிலிருந்து லட்டு டப்பாவை எடுத்துவிட்டாள். உள்ளே இல்லை என்று சொல்லியிருந்தால் வெளியே எடுக்காமல் அப்படியே திருப்பிக் கொண்டுபோயிருப்பாள். கடையில் அப்பாவின் போன் வேறு அடித்துக்கொண்டே இருந்தது. ஜெயராமுக்கு முழங்கால் வலி போய்விட்டது, ராஜகோபாலன் வீட்டுக் குழாயில் தண்ணீர் வருகிறது, சாய்சரண் வீட்டு நாய்க்குப் பசி எடுக்கிறது, மூன்று வீட்டுக்கும் அந்தக் கல் வேண்டும். அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.

சூடாமணி அம்மாள் கடைசித் தாளை நகர்த்தினார். கணக்கெடுத்தவர் கையெழுத்து என்று அடியில் ஒரு கோடு. இசக்கி பேனாவை எடுத்தாள், ஐ போட்டாள், புள்ளி வைக்கப் போனாள்.

"இரு," என்றாள் முத்துலட்சுமி. "ஐ. செல்வின்னு ஊர்ல ஆயிரம் பேர் இருப்பாக. யாரு எண்ணுனதுன்னு தெரிய வேண்டாமா?"

இசக்கி ஐயை அடித்துவிட்டு, அதன் பக்கத்தில், வளைவும் புழுவும் இல்லாமல், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள். இசக்கிச்செல்வி அய்யாதுரை. கோடு போதவில்லை, பெயர் தாளின் ஓரம் வரை போய் மேலே ஏறியது. அதன் கீழே அக்கா சொல்லச் சொல்லத் தேதியையும் போட்டாள்: 2023 ஆகஸ்ட் 18, வெள்ளிக்கிழமை.