படகுத்துறையில் பத்து நிமிஷம்

லினக்ஸ்ங்கிற இலவச கம்ப்யூட்டர் சிஸ்டத்துக்கு சாஃப்ட்வேர் பேக்கேஜ் பண்ணக் கத்துக்க ஆரம்பிச்சு ரெண்டு வருஷமாச்சு. சம்பளம் கிடையாது, எல்லாரும் தன்னார்வலர்கள்தான். நான் பண்ணினது மூணு ஓடிட்டிருக்கு.

ஆனா அந்தத் தன்னார்வலர் குழுவுல முழு உறுப்பினராக ஒரு விதி இருக்கு. ஏற்கெனவே உறுப்பினரா இருக்கிற ஒருத்தர் நேர்ல பார்த்து, அடையாள அட்டையைச் சரிபார்த்து, இது நிஜமான ஆள்தான்னு சான்று தரணும்.

நான் இருக்கிற அந்தமான் போர்ட் பிளேர்ல அப்படி ஒருத்தரும் இல்ல. சென்னைக்குப் போகணும்னா கப்பல்ல மூணு நாள்.

இன்னிக்கு ஒருத்தர் வந்தார். கோயம்புத்தூர்க்காரர், மனைவியோட ஹேவ்லாக் தீவைச் சுத்திப் பார்க்க வந்தவர். மெயில்ல பேசி வச்சிருந்தோம். படகுத்துறையில சந்திச்சப்போ அவங்க கப்பலுக்குப் பத்து நிமிஷம்தான் இருந்தது.

என் வோட்டர் கார்டை வாங்கினார். பழைய கார்டு சுனாமியில போயிடுச்சு, இது அதுக்கப்புறம் எடுத்தது. கார்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் கார்டைப் பார்த்தார்.

என் முகத்தை ஒருத்தர் இவ்வளவு நேரம் பார்த்து வருஷக்கணக்காச்சு.

"நீங்களேதான்" என்றார்.

டீ குடிக்கலாமான்னு கேட்க வாயெடுத்தேன். "ஜல்தி கரோ, பாய்சாப்!"னு கேட்ல இருந்தவர் அவரை அவசரப்படுத்திக் கத்தினார்.

பையைத் தூக்கிட்டே கோயம்புத்தூர்க்காரர் திரும்பிச் சொன்னார்: "நீங்க உறுப்பினராயிட்டா, இங்க புதுசா வர்றவங்களை நீங்களே பார்த்து சான்று தரலாம். மெயின்லேண்ட் ஆளுக்குக் காத்திருக்க வேண்டாம்."

அதனால சொல்றேன். இந்தத் தீவுல யாராவது இதைப் படிச்சா, கார்டோட ஷாதிபூர்ல என் வீட்டுக்கு வாங்க. எனக்குப் பிடிக்க வேண்டிய கப்பல் எதுவும் இல்ல. நிதானமாப் பார்ப்பேன்.

டீயும் உண்டு.