வெறுங்கையோடு குடித்த கஞ்சி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். எங்கள் ஜனங்களைப் பார்த்து யாரும் சிரித்துவிடக் கூடாதே என்ற பயம். படவேட்டு அம்மன் மேல் பாரத்தைப் போட்டு இன்று எழுதுகிறேன்.

யுத்தகாலம். ஜவ்வாது மலையில் மழை இல்லை, சாமை காய்ந்துவிட்டது. சந்தவாசல் பக்கம் அடிவாரத்தில் சர்க்கார் கஞ்சித்தொட்டி திறந்தது. யார் வேண்டுமானாலும் இலவசமாகக் குடிக்கலாம். அங்கேதான் சிக்கல். அடுத்தவர் அடுப்பில் சாப்பிட்டால் ஏதாவது கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு வேலையாவது செய்ய வேண்டும் என்பது எங்கள் மலை வழக்கம். சர்க்கார் அடுப்பானால் மட்டும் என்ன? விறகு, கடுக்காய், துடைப்பப்புல் என்று ஆளுக்கொன்று தூக்கிக்கொண்டு இறங்கினோம். சின்னப் பிள்ளையான என் பங்கு ஒரு பிடி சீயக்காய். தொட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு மலை எழும்பியது.

கஞ்சி ஊற்றும் மேஸ்திரி நடுங்கிப்போனார். "நாளைக்குப் பெரிய அதிகாரி வர்றாருங்க. இதெல்லாம் பார்த்தா நான் கஞ்சிய விக்கிறேன்னு வேலைய விட்டுத் தூக்கிடுவாரு. புண்ணியமாப் போவும், வெறுங்கையோட வாங்க!"

பாவம், அவருக்காக அப்படியே போனோம். அதிகாரி குதிரையிலிருந்து இறங்கி, பூட்ஸைக் கழற்றிவிட்டு மரத்தடி நாற்காலியில் சாய்ந்தார். கேழ்வரகுக் கஞ்சி கொதித்து மணத்தது. ஊரே சுற்றி நின்றது. ஒருவரும் ஏனத்தை நீட்டவில்லை.

"பசிக்கிறவன் ஒருத்தனும் இல்லையே! தொட்டியை மூடிடு" என்றார் அதிகாரி.

மேஸ்திரி தலையில் கைவைத்தார். "குடிங்களேன்! இன்னா வந்துச்சு ஒங்களுக்கு?"

"வெறுங்கையோட எப்பிடிங்க குந்தறது?" என்ற அத்தை, மேஸ்திரி பக்கத்தில் கிடந்த துடைப்பத்தை எடுத்துத் தொட்டியைச் சுற்றிப் பெருக்க ஆரம்பித்தார். புழுதி முழுக்க அதிகாரி மேல். அவ்வளவுதான், எல்லோருக்கும் வழி தெரிந்துவிட்டது. மாமா குதிரையைத் தேய்த்தார். சித்தப்பா, மரநிழலில் இருந்த அதிகாரிக்குக் குடை பிடித்தார். பெரியம்மா பூட்ஸ் இரண்டையும் உள்ளும் புறமும் கழுவி வெயிலில் வைத்தார். நான் காக்கை விரட்டினேன். இருந்தது ஒரே காக்கை, அதுவும் தூரத்தில்.

"விடுங்கம்மா! தொட்டி இருக்கட்டும், நீங்க குடிச்சாப் போதும்!" என்று அதிகாரி கூவினார்.

குந்திக் குடித்தோம். எல்லோரையும் முன்னே விட்டுவிட்டு நின்ற அப்பாவுக்கு மட்டும் செய்ய ஒரு வேலையும் மிஞ்சவில்லை. "எனுக்குப் பசியில்ல, நீ குடி கண்ணு" என்றார். மலையேறும் வழியெல்லாம் புளியங்கொழுந்தைப் பறித்துப் பறித்து மென்றுகொண்டே வந்தார்.

இதை யாருக்காவது சொன்னால் ஒன்றையும் மாற்றாமல், அன்று நான் நினைத்துக்கொண்டதையும் சேர்த்தே சொல்லுங்கள்: அப்பாவுக்குப் புளிப்பு என்றால் உயிர்.