அருவங்காட்டு மாக்னோலியாவும் என் கவ்வாத்துக் கத்தியும்

குன்னூர்ப் பக்கம் மாக்னோலியாப் பூ பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மாசி மாதத்தில் போங்கள். நான் போனதும் ஒரு மாசியில்தான். சிலோனிலிருந்து கப்பலில் வந்து, தேவர்சோலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் சேர்ந்து ஆறாவது வருஷம். அருவங்காடு பேக்டரி குவாட்டர்ஸில் இருந்த என் தங்கச்சி சரோஜா கடிதம் போட்டிருந்தாள். "மரம் மொட்டு விட்டிருக்கு. வாங்க. கத்தி இல்லாம வாங்க."

கத்தி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மார்கழியில் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் ஆள் உயர மாக்னோலியா, ஓர் இலைகூட இல்லாமல் குச்சி குச்சியாக நின்றது. தேயிலைச் செடியைத் தறித்துவிடும் கவ்வாத்து வேலையில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற திமிர் எனக்கு. அவள் குழாயடிக்குப் போய் வருவதற்குள் முழங்கால் உயரத்துக்குச் சமமாக வெட்டித் தள்ளிவிட்டேன். நுனியில் பஞ்சு பஞ்சாக இருந்ததெல்லாம் பூமொட்டு என்று நான் கண்டேனா! குடத்தைப் போட்டுவிட்டு அழுதாள். "இது பூக்குற வரைக்கும் என் வாசப்படி மிதிக்காதீங்கண்ணே." அதன்பிறகு ஒரு வரி எழுதவில்லை. எனக்குக் கூடப்பிறந்தவள் அவள் ஒருத்திதான்.

காலை ஆறு மணிக்குப் பஸ். கூடலூர் எட்டு கிலோமீட்டர், அங்கிருந்து ஊட்டி ஐம்பது. டிக்கெட் விலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். நடுவட்டம் ஏற்றத்தில் கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க, மூட்டையில என்னங்க?"

"எருவுங்க. தங்கச்சி வீட்டு மரத்துக்கு."

"எல்லாரும் பலகாரம் கொண்டு போவாங்க, நீங்க எருவுங்களா!"

ஊட்டியில் பஸ் மாறி, பதின்மூன்று கிலோமீட்டர் இறங்கி, பதினொரு மணிக்கு அருவங்காடு. கேட்டிலேயே சரோஜா என் பையைத் துழாவினாள். கத்தி இல்லை என்றதும்தான் சிரித்தாள்.

இலையில்லாத கிளைகளில் பதினாலு பூ, ஒவ்வொன்றும் டீ கிளாஸ் அளவு, வெள்ளையில் ரோஸ் ஓடியது. 'சிலோன்காரங்க' என்று அதுவரை எங்களை விட்டு ஒதுங்கி நின்ற அக்கம்பக்கம் முழுக்க வேலியோரம் நின்றது. "எங்கண்ணன் வெட்டின வெட்டுக்கே தாங்கிப் பூத்த மரமாக்கும்!" என்றாள் அவர்களிடம். எனக்கு வெட்கம்தான். ஆனால் அதைவிடப் பெருமை. என் தங்கச்சி வளர்த்த மரமய்யா!

வைக்க நினைப்பவர்களுக்கு: இலை உதிர்ந்தால் மரம் செத்துவிட்டதென்று பதறாதீர்கள். வேரில் தண்ணீர் தேங்கக்கூடாது. மார்கழியில் வெட்டவே வெட்டாதீர்கள். பட்ட கிளை இருந்தால் அதை மட்டும் எடுக்கலாம். எல்லாம் அன்றைக்கு அவள் சொல்லிக்கொடுத்தது.

நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினேன். உள்ளேபோய் ஒரு கத்தியை எடுத்துவந்து என்னிடம் நீட்டினாள்.

"அடியில ஒரு கிளை பட்டுப்போச்சு. நீங்களே வெட்டுங்கண்ணே."

இருபது வருஷம் கவ்வாத்து வெட்டிய நான், எந்தக் கிளை என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டேன். கிளையை அவள் பிடித்துக்கொண்டாள்.